அரைப்பேருக்கு அரை வீடு

நிலமும் வீடும் வாங்கி விற்கிற தொழிலில், விற்கிறேன் என்று சொன்னவரின் வாசலில்தான் செருப்பு அதிகம் தேயும். விற்க மாட்டேன் என்கிறவர் உத்தமர். ஒரே பேச்சில் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார். விற்கிறேன் என்கிறவர்தான் தேநீர் கொடுத்து, உட்கார வைத்து, அடுத்த வாரம் வரச் சொல்லுவார். வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்லாமலே இது தெரியும்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அட்டன் மளிகைக் கடையில் சாமான் கட்டிக் கொடுத்துக்கொண்டே, சாமான் சுற்றிய பத்திரிகைத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்ப, இங்கே வீடுகளும் துண்டு நிலங்களும் கைமாறத் தொடங்கின. நானும் அந்தத் தொழிலில் இறங்கினேன். பழைய வீட்டை வாங்கித் தகரம் மாற்றி, சுண்ணாம்பு அடித்து, இன்னொருவருக்கு விற்பேன். இப்படி ஊருக்கெல்லாம் வீடு பார்த்த நான் குடியிருந்தது கடைத்தெருவில், ஒரு மளிகைக் கடையின் பின்னறையில். ஒரு வருடம் எங்களுக்கே வீடு தேட வேண்டி வந்தது. கீழே எழுதுவதெல்லாம் அந்த வருடத்துச் சங்கதியும் அதன் வாலும்தான்.

வெங்காய மூட்டை

எங்கள் வீட்டுக்கார முதலாளி மென்மையான மனிதர். அறையைக் காலி செய்யுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை கடை ஆள் ஒருவர் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொண்டுவந்து எங்கள் அறை மூலையில் வைத்தார். ரெண்டு நாளைக்குத்தானாம். என் மனைவி காமாட்சி அதன்மேல் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். நாற்காலி இல்லாத வீட்டுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கள் இன்னொரு மூட்டை வந்தது. அதற்கடுத்த வாரம் அதன்மேல் ஒன்று. பாயை முழுக்க விரிக்க இடமில்லாமல் பாதி மடித்துப் படுத்தோம். இந்தக் கணக்கில் போனால் தைப்பொங்கலுக்குள் கதவு திறக்காது என்று காமாட்சி பார்வையாலேயே அளந்து சொன்னாள். அவள் எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் இல்லை. தனியாக ஓர் அடுக்களை இருக்கிற வீடாகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். நான் முதலாளியிடம் போய், நாங்கள் போக வேண்டுமானால் நேராகச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"யாரு ஒங்களப் போகச் சொன்னா? நீங்க பாட்டுக்கு இருங்க ராமையா. மூட்டை பாட்டுக்கு இருக்கட்டும்."

வெயிலுக்குக் காத்திருந்த துரை

நுவரெலியாவில் ஒரு கிழட்டுத் துரை இங்கிலாந்துக்குப் போவதற்காக எல்லாவற்றையும் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார். பங்களாவின் பின்னால் முன்பு குதிரைக்காரன் இருந்த சின்ன வீடு ஒன்றும் அதில் அடக்கம். எனக்கு அது போதும். துரையும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மழையில் நனைந்த வீட்டைக் காட்டி விற்பது யோக்கியமான வேலை இல்லை, நல்ல வெயில் நாளில் வாங்குகிறவன் வீட்டைச் சரியாகப் பார்க்க வேண்டும், அன்றைக்கே கையெழுத்து.

நுவரெலியாவில் வெயிலுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் போன நாளெல்லாம் தூறல். தூறல் இல்லாத நாளில் பனி. துரை ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டித் தலையை ஆட்டுவார், நான் பஸ் ஏறித் திரும்புவேன். கடைசியில் ஒரு நாள் அட்டனிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. ஓட்டமாக ஓடி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். துரை புல்தரையில் நாற்காலி போட்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கையெழுத்தை ஞாபகப்படுத்தினேன். அவர் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ராமையா, நீ மேல பாரு. இந்த மாதிரி வெயில் இருக்குது. இப்ப எந்த மடையன் இங்கிலாந்து போறது?"

பலாமரத்துக் கிளை

மூட்டைகள் ஜன்னலை மறைத்த சமயத்தில் கினிகத்தேனைப் பக்கம் ஒரு துண்டு நிலம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வீடு இல்லை, கட்டிக்கொள்ளலாம். நிலம் ஒரு சிங்களக் குடும்பத்தின் கூட்டுச் சொத்து. அண்ணன் தம்பிகள் எல்லாரும் நொத்தாரிசு முன்னால் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயார். அவர்களுடைய அக்கா மெனிக்கேக்கு மண்ணில் பங்கு கிடையாதாம். நடுவில் நிற்கிற பலாமரத்தில் ஒரே ஒரு கிளைதான் அவளுக்கு.

கிளைதானே என்று நானும் சிரித்தேன். போய்ப் பார்த்தால், அந்த நிலத்தில் சமமாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. அதன்மேல் கூரை போட்டதுபோல அந்தக் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஆள் கனத்துக்குக் காய்கள். கிளையை விற்றுவிடுங்கள் என்றேன். அம்மா எனக்கென்று வைத்துவிட்டுப் போன கிளை, விற்க முடியாது என்றாள். வெட்டிவிடலாமா என்றதற்கு அவளும் தம்பிமாரும் ஒன்றாகக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆனாலும் மெனிக்கே நல்ல மனசுக்காரி. என்னை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நெடுநேரம் யோசித்து, சிங்களத்தில் ஒரு வழி சொன்னாள்:

"மஹத்தயா தாராளமா இங்கயே வீடு கட்டுங்க. காய் பழுக்கிற மாசத்துல மட்டும் எல்லாரும் வெளியில இருங்க."

சம்மதித்த முருகன்

தலவாக்கலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை முதலாளிக்கு அடுக்களையோடு ஒரு வீடு சும்மா கிடந்தது. விற்கலாம், ஆனால் சாமியைக் கேட்க வேண்டும் என்றார். கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் விற்பது. வெள்ளை வந்தது. பொட்டலம் கட்டியதில் ஐயர் அவசரப்பட்டுவிட்டார் என்று முதலாளிக்குச் சந்தேகம். இன்னொரு தரம் பார்த்தோம், அப்போதும் வெள்ளை. செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் வெள்ளைதான்.

ஐயருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஆண்டவனே மூன்று தரம் சொல்லிவிட்டாரே, இனி என்ன தயக்கம் என்று கேட்டார். முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, சன்னதிக்குக் கேட்காதபடி என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"முருகன் சம்மதிச்சிட்டாரு, நான் இல்லேங்கல. ஆனா தலவாக்கலையில வீடு விக்கிற வெல அவருக்கு எங்கங்க தெரியும்?"

ஆறு மணிப் பெரட்டு

கார்த்திகை வந்துவிட்டது. மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் காமாட்சியுமாகப் படுத்திருந்தோம். அப்போதுதான் டிக்கோயா ரோட்டில் ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை. தனியாக ஓர் அடுக்களை, அதற்குப் புகைபோக்கி. தெருவில் நின்றே அந்தப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டுக் காமாட்சி, இது போதும் என்றாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பெரிய கண்டாக்கு; துரைக்கு அடுத்தபடியாக மலையில் நின்று வேலை வாங்கியவர். மனைவி இல்லை. கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் வீட்டை விற்றுவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முற்றத்தில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் போனபோது ஒரு தையற்காரரும் ஒரு பேக்கரிக்காரரும் பனியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். சரியாக ஆறுக்குக் கதவு திறந்தது. காக்கி அரைக்கால் சட்டை, காலில் முழங்கால் வரை கம்பளி மேசு, தொப்பி, கையில் பிரம்பு. எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக நாங்களே வரிசையாகிவிட்டோம். லயத்தில் பிறந்த நான் நின்றதில் ஆச்சரியமில்லை. தோட்டத்துப் பக்கமே போகாத தையற்காரரும் கையைக் கட்டிக்கொண்டார்.

அது பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அதேதான். தையற்காரரைக் கூரை பார்க்கச் சொன்னார். பேக்கரிக்காரருக்கு வேலியோரம். எனக்குப் பின்பக்கத்துக் கான். அதைப் பார்த்தால் மட்டும் போதாது, மண்ணை அள்ளித் தண்ணீர் ஓடும்படி செய்ய வேண்டும். மறு ஞாயிறும் கான்தான். வீட்டை விலைக்குக் கேட்டு வந்தவன், வீட்டின் உள்ளே இன்னும் ஒரு சுவரைக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பணிவாகத்தான் சொன்னேன்.

"கான் வெட்டுன ஆளு கானப் பத்திப் பேசு. அடுக்களை வேற ஆளுக்குப் பிரிச்சிருக்கு."

அரைப்பேர்

மூன்றாவது ஞாயிறு எங்கள் அறையில் ஒரு மூட்டை சரிந்து கதவை அடைத்துக்கொண்டது. அதைத் தள்ளி வெளியே வருவதற்குள் நேரமாகிவிட்டது. டிக்கோயா ரோட்டில் ஓடினேன். முற்றத்தில் பேர் கூப்பிட்டு முடித்திருந்தார். தையற்காரர் ஏணியில் இருந்தார். பேக்கரிக்காரர் அன்றைக்கு வரவில்லை. அவருக்கு வேலி முள் கிழித்துக் காய்ச்சலாம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர், பாதிக் கூலி. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வீடு வாங்க வந்தவனுக்கு அரைப்பேர் போடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதவு அடைத்த கதையைச் சொன்னேன். வெங்காய மூட்டையை அவர் காரணமாக ஏற்கவில்லை. போகட்டும், வீட்டைப் பற்றி என்ன முடிவு என்று கேட்டேன். அவர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசித்தார். நல்ல பதில்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அரைப்பேரு வந்த ஆளுகிட்ட அரை வீடுதான் பேசலாம். எந்த அரைன்னு நான் சொல்றேன்."

சாயங்கால நிறுவை

இதையெல்லாம் ஒவ்வொரு வாரமும் காமாட்சியிடம் சொல்வேன். எனக்கே சிரிப்பு வரும், அவளுக்கு வராது. கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் மலையில் கொழுந்து எடுத்தவள். அரைப்பேர்க் கதையைக் கேட்டுவிட்டு, காலையில் பெரட்டுக்குப் போகிறீர்களே, சாயங்காலம் போகிறீர்களா என்று கேட்டாள். எதற்கு என்றேன். சாயங்காலம் கொழுந்து நிறுவைக்குப் போய் நிற்காமல் எந்தக் கண்டாக்கு பேர் போடுவார் என்றாள். காலையில் வேலை முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடுவோம். திரும்பிப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. லயத்தில் பிறந்து, அதை மறப்பதற்காகவே எழுத்துக் கூட்டிப் படித்த எனக்குக்கூட.

அன்று மாலையே அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். மழையில்லை, மேற்கே நல்ல வெயில். அந்த வீட்டுக்கு வேலியாகத் தேயிலைச் செடிகள் நின்றன. காமாட்சி நடையை நிறுத்தாமலே, கை தன் பாட்டில், இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே போனாள். முன் வராந்தாவில் கண்டாக்கையா தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உத்தரத்திலிருந்து ஒரு பழைய தராசு தொங்கியது. அவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படித் தொப்பி போட்டுக்கொண்டு அந்த வராந்தாவில் காத்திருந்தாரோ, நான் கேட்கவில்லை. மேசையில் அவருடைய தேநீர் தொடாமல் ஆறிப்போய் இருந்தது.

காமாட்சி முன்னால் போய் மடியை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள். ஒரு பிடிக் கொழுந்து. தராசு அசையவேயில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, மலையில் சொல்கிற அதே குரலில், தண்ணிக்கு ஒரு றாத்தல் கழிவு என்றார்.

கொழுந்தில் மழைத்தண்ணீர் இருக்கும் என்று நிறுவையில் குறைக்கிற வழக்கம் எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. காய்ந்த நாளிலும் குறைப்பார்கள். கூடையோடு நிற்கிற பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். காமாட்சி நகரவில்லை.

"அப்படின்னா நாந்தான் தோட்டத்துக்கு ஒரு றாத்தல் குடுக்கணுமாங்க ஐயா?"

"ஆமா. கணக்கு அப்படித்தான்."

"அது எப்பவோ குடுத்தாச்சுங்க. எட்டு வருசம் கொழுந்து எடுத்தேன். காயிற வெயில்லயும் தெனம் தண்ணிக்குன்னு கழிச்சாங்க. அதுல எடுத்துக்கிட்டு மிச்சத்தக் குடுங்க."

அவர் முகம் சிவந்தது. அவள் வேலை செய்தது எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னாள். அது தன்னுடைய தோட்டம் இல்லையே என்றார், பிடி கிடைத்தவர்போல. தோட்டம்தான் வேறு, தராசு ஒன்றுதானே என்று அவள் அமைதியாகச் சொன்னாள். நான் இந்த வீடும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். வெங்காயத்தின் வாசனை அப்போதே மூக்கில் ஏறியது.

அவர் தராசைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாமல் அவர் சாதாரணமான ஒரு கிழவர். உச்சந்தலையில் நாலு முடி. தட்டில் இருந்த கொழுந்தை ஒன்றுவிடாமல் பொறுக்கி அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள வாங்கம்மா. அடுக்களையப் பாருங்க."

பிந்தி வந்த மகன்

தை பிறப்பதற்குள் உறுதி எழுதி முடிந்தது. வீடு எங்களுடையதாயிற்று, முழு வீடு. பொங்கல் பானையை அந்த அடுக்களையில்தான் வைத்தோம். மகன் வந்து கூட்டிப்போகும் வரை முன்னறையில் இருந்துகொள்கிறேன் என்றார் கண்டாக்கையா. ஒரு மாதம்தானே என்று நாங்களும் சரி என்றோம். ரெண்டு நாளைக்கு என்று வந்த முதல் வெங்காய மூட்டையை அப்போது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மாதம் போயிற்று, வருடமும் போயிற்று. தினம் ஆறு மணிக்குப் பெரட்டு நடந்தது. என் சொந்த வீட்டு முற்றத்தில் நான் கைகட்டி நின்று "ஐயா" என்று பதில் சொன்னேன். பெரும்பாலும் எனக்குக் கான்தான். காமாட்சி வரமாட்டாள். அடுக்களை ஜன்னல் வழியாகத் தன் பேருக்குப் பதில் சொல்லிவிட்டு, அவருக்குத் தேநீர் நீட்டுவாள். அவளுக்கு மட்டும் தினமும் முழுப்பேர்.

மகன் வராமல் இல்லை. ஒரு தடவை கொழும்பிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தார், நல்ல பையன், கையில் அப்பாவுக்குப் புதுப் பெட்டி. ரயில் பிந்தியதால் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது ஆறு தாண்டிவிட்டது. கண்டாக்கையா அவரை மேலும் கீழும் பார்த்தார். அரைப்பேர் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகன் சாயங்காலம் வரை கெஞ்சிப் பார்த்துவிட்டுப் பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். காமாட்சி கிழவரைக் கொஞ்சம் கடிந்துகொண்டாள். அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"நேரத்துக்கு வராத ஆளை நம்பி எப்படிம்மா கொழும்புக்குப் போறது?"

கழிவில்லாத நாள்

சில வருடம் கழித்து ஓர் ஐப்பசி மழையில் காமாட்சி காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மறுநாள் விடியற்காலை வழக்கம்போல எனக்கு முழிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் போய் நின்றேன். முன்னறைக் கதவு திறந்தது. காக்கிச் சட்டை, மேசு, தொப்பி. பிரம்பு மட்டும் இல்லை.

என் பேரைக் கூப்பிட்டார். "ஐயா" என்றேன். எனக்கு வேலை எதுவும் பிரிக்கவில்லை. பிறகு அடுக்களை ஜன்னலைப் பார்த்து அவள் பேரையும் கூப்பிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கழித்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரே பதில் சொன்னார்:

"முழுப்பேரு. தண்ணிக்குக் கழிவு கெடையாது."

எத்தனையோ வீடுகளை வாங்கி விற்ற இந்தத் தொழிலில், கழிவெல்லாம் போக எனக்கென்று மிஞ்சியது இரண்டு அறை, ஓர் அடுக்களை, ஒரு கண்டாக்கு.